கூட்டுத்தொகையின் மயக்கம்: ஆரக்கிள் வலைப்பின்னல்களின் பரவலை அளக்கும் முறைக்கு ஒரு மறுப்பு

பிளாக்செயின் தொழில்நுட்பத்தைப் பற்றி எழுதுவோரும் அதில் முதலிடுவோரும் ஏறக்குறைய ஒருமனதாக ஏற்றுக்கொண்டிருக்கும் கருத்து ஒன்று உண்டு. ஓர் ஆரக்கிள் வலைப்பின்னல் எந்த அளவுக்குப் பரவியிருக்கிறது என்பதை, அதன் தரவை நம்பி இயங்கும் ஒப்பந்தங்களில் கிடக்கும் சொத்தின் மொத்த மதிப்பைக் கொண்டும், அதனோடு இணைந்ததாக அறிவித்த நிறுவனங்களின் எண்ணிக்கையைக் கொண்டும், அது இதுவரை அனுப்பிய தரவுகளின் எண்ணிக்கையைக் கொண்டும் அறிந்துவிடலாம் என்பதே அக்கருத்து. டிஃபைலாமா போன்ற புள்ளிவிவரத் தளங்கள் இவற்றுள் முதலாவதான மொத்த மதிப்பின் அடிப்படையில்தான் ஆரக்கிள்களுக்குத் தரவரிசை வழங்குகின்றன; வலைப்பின்னல்களை நடத்துவோரின் அறிக்கைகள் இத்தகைய எண்களையே முன்பக்கத்தில் இடுகின்றன. 2020இல் பிளாக்செயின் கொள்கை ஒன்றை வெளியிட்ட தமிழ்நாட்டில், நாளை எந்தத் தொழில்நுட்பத்தை வாங்குவது என்று முடிவெடுக்க வேண்டிய அதிகாரிகளின் மேசைக்கும் ஆலை நிர்வாகிகளின் மேசைக்கும் வந்து சேரப்போவதும் இதே வரைபடங்கள்தாம் என்பதால், அவை எதை அளக்கின்றன என்று கேட்பது வீண் வேலை அன்று.

ஆரக்கிள் என்பது என்ன என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பிளாக்செயின் என்பது ஒரே கணக்கேட்டின் படிகளை வைத்திருக்கும் பல கணினிகள், ஒவ்வொரு பதிவையும் தனித்தனியே சரிபார்த்து ஒத்துக்கொள்ளும் ஏற்பாடு. அந்த ஏட்டிலேயே எழுதிவைக்கப்பட்டு, நிபந்தனை நிறைவேறியதும் யாருடைய ஒப்புதலுக்கும் காத்திராமல் பணத்தை நகர்த்தும் நிரலுக்குத் தன்னியக்க ஒப்பந்தம் என்று பெயர். இக்கணினிகள் அனைத்தும் ஒரே விடையை எட்ட வேண்டியிருப்பதால், அவை ஏட்டுக்கு வெளியே எட்டிப் பார்க்க இயலாது. ஆளுக்கொரு நொடியில் வெளியுலகைக் கேட்டால் ஆளுக்கொரு விடை கிடைத்து ஒப்புதல் குலைந்துவிடும். ஆகவே தங்கத்தின் விலையோ, ஏரியின் நீர்மட்டமோ, லாரி வந்து சேர்ந்த நேரமோ எதுவாயினும் வெளியிலிருந்து ஒருவர் கொண்டுவந்து ஏட்டில் பதித்தாக வேண்டும். அவ்வாறு பதிப்பவரே ஆரக்கிள். பல கணினிகள் சேர்ந்து அதைச் செய்தால் அது ஆரக்கிள் வலைப்பின்னல். 2017இல் தன் வெள்ளை அறிக்கையை வெளியிட்டு, 2019 மே மாதத்தில் எத்தீரியம் என்னும் பிளாக்செயின் தொடரில் செயல்படத் தொடங்கிய செயின்லிங்க் இவற்றுள் பெரியது. 2021இல் சொலானா தொடரில் தோன்றிய பித் மற்றொன்று.

மூன்று அளவுகோல்களில் மிகுதியாக மயக்கம் தருவது 'காக்கப்படும் மொத்த மதிப்பு' எனப்படும் முதலாவது. ஒரு கடன் ஒப்பந்தத்தில் 100 கோடி ரூபாய் மதிப்புள்ள, எத்தீரியத்தின் ஈதர் நாணயம் ஈடாக வைக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். ஈதரின் சந்தை விலை ஒன்றரை மடங்கானால், புதிதாக ஒருவர்கூட வந்து சேராமலே, இருப்பவர் எவரும் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கடன் வாங்காமலே, ஆரக்கிளின் பெயரில் எழுதப்படும் தொகை 150 கோடியாகிவிடும். விலை பாதியானால் எவரும் வெளியேறாமலே அது 50 கோடியாகச் சரியும். இதை வெறும் கற்பனைக் கணக்கென்று ஒதுக்க முடியாது. 2021 நவம்பரில் உச்சத்தில் இருந்த பரவலாக்கப்பட்ட நிதி ஒப்பந்தங்களின் மொத்த இருப்பு, 2022 முடிவதற்குள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. அந்த ஓராண்டில் உலகம் ஆரக்கிள்களில் முக்கால் பங்கைக் கைவிட்டுவிட்டது என்று எவரும் சொல்லத் துணியவில்லை. அப்படியானால் அதற்கு முந்தைய ஏற்றத்தை மட்டும் பரவல் என்று கொண்டாடியது எந்த நியாயத்தில் என்ற கேள்வி எழாமல் இருக்க முடியாது. இறங்கும்போது சந்தையின் குற்றம், ஏறும்போது தொழில்நுட்பத்தின் வெற்றி என்று இரு வேறு விளக்கம் தரும் எண், அளவுகோலாக இருக்கும் தகுதியை இழக்கிறது.

விலை ஏற்ற இறக்கத்தோடு இந்தக் குறை முடிவதில்லை. ஓர் ஒப்பந்தத்தில் இருபது வகைச் சொத்துகள் கிடக்க, அவற்றுள் சிலவற்றுக்கு மட்டுமே ஓர் ஆரக்கிளின் விலை தேவைப்பட்டாலும், ஒப்பந்தத்தின் முழு இருப்பையும் அந்த ஆரக்கிளின் பெயரில் எழுதிவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. ஈடாக வைத்த நாணயத்தின் மேல் கடன் வாங்கி, அக்கடனைக் கொண்டு மீண்டும் அதே நாணயத்தை வாங்கி ஈடு வைப்பவரின் ஒரே முதல், கடனைக் கழிக்காமல் எண்ணும் முறையில் இரண்டு மூன்று மடங்காகத் தோன்றும். ஒருவர் பல வேடமிட்டும் இதைச் செய்யலாம்: 2022 ஆகஸ்டில் காயின்டெஸ்க் இதழ் வெளியிட்ட புலனாய்வின்படி, சொலானா தொடரில் ஒரே நிரலாளர் பதினோரு புனைபெயர்களில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒப்பந்தங்களைக் கட்டி ஒரே பணத்தைத் திரும்பத் திரும்ப எண்ணச் செய்திருந்தார், உச்ச நாளில் அத்தொடரின் மொத்த இருப்பாகக் காட்டப்பட்ட 1,050 கோடி டாலரில் 750 கோடி டாலர் அவரோடு தொடர்புடைய இரு ஒப்பந்தங்களின் கணக்கில் இருந்தது. ஆரக்கிள்களுக்கு எழுதப்படும் மொத்த மதிப்பு இத்தகைய இருப்புகளின் மேல் கட்டப்படும் கூட்டுத்தொகையே ஆதலால், கீழே உள்ள பொய் மேலேயும் ஏறிவிடுகிறது.

அனுப்பிய தரவுகளின் எண்ணிக்கை என்ற அளவுகோலைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகம் இல்லை. எத்தீரியம் தொடரில் ஈதரின் டாலர் விலையைத் தரும் செயின்லிங்க் ஓடை, விலை அரை விழுக்காடு நகர்ந்தால் ஒரு முறையும், நகராவிட்டாலும் மணிக்கு ஒரு முறையும் ஏட்டில் பதிவிடும்படி அமைந்தது. ஆகவே சந்தை கொந்தளிக்கும் நாளில், அதைப் படிப்பவர் ஒருவரும் இல்லாவிட்டாலும், பதிவுகள் பெருகும். பித் வலைப்பின்னலோ ஒரு நொடிக்குள் பலமுறை விலையைத் தன்னிடத்தில் புதுப்பித்து வைத்திருந்து, தேவைப்படுபவர் வந்து எடுத்துக்கொள்ளும்போதுதான் பெரும்பாலும் அவருடைய தொடரில் பதிக்கிறது. முன்னதன் எண்ணிக்கையையும் பின்னதன் எண்ணிக்கையையும் ஒரே அட்டவணையில் அருகருகே வைப்பவர், இயந்திரம் சுழலும் வேகத்தைக் கொண்டு விளைச்சலை மதிப்பிடுகிறார். தொடங்கிய நாள் முதல் இன்றுவரை கூட்டிக்கொண்டே போகும் எண்ணாக இது வெளியிடப்படும்போது வேறொரு வசதியும் சேர்ந்துகொள்கிறது: அத்தகைய எண் எந்நாளும் இறங்காது.

இணைந்த நிறுவனங்களின் எண்ணிக்கை என்னும் எஞ்சிய அளவுகோலை மறுக்க வெளிநாட்டுச் சான்று தேட வேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையிலான தொழில் வட்டாரமே போதும். தமிழ்நாட்டின் உலக முதலீட்டாளர் மாநாடுகளில் 2015இல் 98 புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் 2.42 லட்சம் கோடி ரூபாய்க்கும், 2019இல் 304 ஒப்பந்தங்கள் 3,00,431 கோடி ரூபாய்க்கும், 2024இல் 631 ஒப்பந்தங்கள் 6,64,180 கோடி ரூபாய்க்கும் கையெழுத்தாயின. இவ்வெண்களை அரசியல் மேடைகள் எப்படிப் பயன்படுத்தினாலும், அவ்வட்டாரத்துப் பிள்ளைப்பாக்கத்திலோ வல்லம் வடகாலிலோ நிலத்தோடும் கட்டடத்தோடும் தொடர்புடைய எவரும் ஒப்பந்தம் கையெழுத்தான நாளை ஆலை தொடங்கிய நாளாக எண்ணுவதில்லை. சிப்காட்டின் மனை ஒதுக்கீட்டு ஆணை வந்ததா, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிறுவ இசைவு கிடைத்ததா, உயரழுத்த மின் இணைப்புக்குப் பணம் கட்டினார்களா, இயக்க இசைவு வந்து முதல் லோடு வெளியேறியதா என்று படிப்படியாகவே அவர்கள் கேட்பார்கள். மின்னணு உற்பத்தித் தொகுப்புக்கென ஒதுக்கப்பட்ட நிலமும், கார்னிங்–ஆப்டிமஸ் கூட்டு நிறுவனத்தின் கைபேசிக் கண்ணாடி ஆலையும் உள்ள பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் இந்தப் படிகள் ஒவ்வொன்றும் பலருக்கு அத்துப்படி. ஆரக்கிள் வலைப்பின்னல்கள் அறிவிக்கும் 'இணைப்பு' என்பது இந்த வரிசையில் முதல் படிக்கும் முந்தியது; சோதனைத் தொடரில் ஒரு நாள் ஓடியதும் இணைப்பு, ஒப்பந்தம் கைவிடப்பட்ட பின்னும் பட்டியலில் நிற்பதும் இணைப்பு. உலக முதலீட்டை ஆண்டுக்கணக்கில் பார்த்துவரும் ஒரு வட்டாரம் தன் சொந்த ஆலைகளுக்குப் பொருத்தாத அளவுகோலை, தான் வாங்கப்போகும் மென்பொருளுக்கு மட்டும் ஏற்க வேண்டிய கட்டாயம் என்ன?

சரக்குப் போக்குவரத்தில் இந்த அளவுகோல் ஏற்கெனவே ஒருமுறை தோற்றிருக்கிறது. மேர்ஸ்க் கப்பல் நிறுவனமும் ஐபிஎம் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய டிரேட்லென்ஸ் என்னும் பிளாக்செயின் தளம், 2018 ஆகஸ்டில் தன் பெயரை அறிவித்தபோதே 94 அமைப்புகள் இணைந்திருப்பதாகவும் 15.4 கோடி சரக்கு நிகழ்வுகள் பதிவாகியிருப்பதாகவும் சொன்னது. கொள்கலன் ஒரு துறைமுகத்தின் வாயிலைக் கடந்தால் ஒரு நிகழ்வு, பளுதூக்கி அதைத் தொட்டால் மற்றொரு நிகழ்வு என்று எண்ணிக்கை நாள்தோறும் லட்சக்கணக்கில் வளர்ந்தது. நான்கே ஆண்டுகளில், 2022 நவம்பரில், வணிக அளவில் தாக்குப்பிடிக்கும் நிலையை எட்டவில்லை என்று கூறி, தளத்தை மூடப்போவதாக அந்நிறுவனங்களே அறிவித்தன. நிகழ்வுகள் பதிவானது உண்மை. அப்பதிவை நம்பிக் காகிதத்தைத் தூக்கியெறியப் போதுமான பேர் முன்வரவில்லை என்பதும் உண்மை. முதல் உண்மை ஒவ்வோர் அறிக்கையிலும் இடம்பெற்றது. இரண்டாவதைக் காட்டும் பத்தி எந்த வரைபடத்திலும் இருக்கவில்லை.

எண்ணிக்கைக்குள் அகப்படாதது தரவின் தரம். 2022 மே மாதத்தில் லூனா நாணயம் சரிந்தபோது, செயின்லிங்க் ஓடையில் அதற்கென வைக்கப்பட்டிருந்த கீழ் எல்லை ஏறத்தாழ 10 சென்ட்டாக இருந்தமையால், சந்தையில் விலை அதற்கும் வெகுகீழே போன பின்னும் ஏட்டில் பழைய எண்ணே நின்றது. மதிப்பற்றுப்போன லூனாவை வாங்கி வீனஸ் என்னும் கடன் தளத்தில் ஈடாக வைத்தவர்கள் நல்ல நாணயங்களைக் கடனாக எடுத்துச் சென்றதில் ஏறத்தாழ 1.1 கோடி டாலர் இழப்பாயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் மேங்கோ மார்க்கெட்ஸ் என்னும் தளம் 10 கோடி டாலருக்கு மேல் இழந்தது. அங்கே ஆரக்கிள் தவறேதும் செய்யவில்லை, ஒருவர் சிறிய சந்தையில் வேண்டுமென்றே உயர்த்திய விலையை உள்ளது உள்ளபடி கொண்டுவந்து கொடுத்தது. இரண்டு சம்பவங்களும் நடப்பதற்கு முந்தைய நாள் வரை, அத்தளங்களில் கிடந்த பணம் முழுவதும் ஆரக்கிள்களின் கணக்கில் 'காக்கப்படும் மதிப்பு' என்றே எழுதப்பட்டிருந்தது. காப்பதற்கு ஈடாக வலைப்பின்னல் தன் பங்குக்கு வைத்திருந்தது எவ்வளவு என்று பார்த்தால் வியப்பு மிகும்: செயின்லிங்க் தன் பிணைவைப்புத் திட்டத்தை 2022 டிசம்பரில்தான் தொடங்கியது, 2023இல் அதை விரிவாக்கியபோதும் உச்சவரம்பு அதன் சொந்த நாணயமான லிங்க் 4.5 கோடியே; அதுவும் ஈதர்–டாலர் ஓடை ஒன்றின் பொருட்டே.

கணுக்கள் எனப்படும் கணினிகளின் எண்ணிக்கை கூடினால் தரம் தானே கூடும் என்று ஒரு பதில் உண்டு. இதைச் சோதிக்க 2015 டிசம்பர் மழையை விடப் பொருத்தமான எடுத்துக்காட்டு ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் இல்லை. டிசம்பர் 2ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும், நுங்கம்பாக்கத்தில் 29 சென்டிமீட்டரும் மழை பதிவாயிற்று. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பகுதி வாகன ஆலைகள் உற்பத்தியை நிறுத்தின. இனி ஓர் ஆலை அளவீட்டுக் காப்பீடு எடுத்திருந்ததாகக் கொள்வோம். சேதத்தை மதிப்பிட ஆள் அனுப்பாமல், மழை 40 சென்டிமீட்டரைத் தாண்டினால் குறித்த தொகையை உடனே வழங்கும் இவ்வகைக் காப்பீட்டை, பேரிடர்களுக்காக 2024இல் நாகாலாந்து அரசே எடுத்திருக்கிறது. தன்னியக்க ஒப்பந்தத்துக்கு இதைவிட இயல்பான வேலை இல்லை. ஒரு வலைப்பின்னலின் முப்பத்தொரு கணுக்களும் நுங்கம்பாக்கத்தின் எண்ணைப் படித்து ஒருமனதாக 29 என்று பதித்தால், பிள்ளைப்பாக்கம் ஏரி நிரம்பி வழிந்து ஆலைக்குள் முழங்கால் அளவு நீர் நின்றாலும் ஒப்பந்தம் ஒரு காசு தராது. அங்கே கணுக்கள் முப்பத்தொன்று, மழைமானி ஒன்று. எத்தனை கணுக்கள் என்று பெருமையாக வெளியிடும் வலைப்பின்னல்கள், ஒன்றையொன்று சாராத மூலங்கள் எத்தனை என்பதை அதே எழுத்தளவில் அச்சிடுவதில்லை. இருபது கிலோமீட்டர் தொலைவில் இருபது சென்டிமீட்டர் மழை மாறுபடும் ஊரில் இந்த விடுபாடு சிறிய விஷயம் ஆகாது.

மூலம் ஒன்றே என்னும் இக்குறை, பணம் கைமாறும் இடத்தில் இன்னும் கூர்மையாகத் தெரியும். சிறு தொழிற்கூடங்கள் பெரிய ஆலைகளுக்கு எழுதிய விலைப்பட்டியல்களை வங்கிகளிடம் தள்ளுபடி செய்து முன்கூட்டியே பணம் பெற உதவும் டிரெட்ஸ் என்னும் மின்தளங்கள் இந்தியாவில் 2017 முதல் இயங்குகின்றன. ஒரே விலைப்பட்டியலை இரண்டு தளங்களில் காட்டி இரண்டு முறை கடன் வாங்குவதைத் தடுக்க, 2018 முதல் அப்போதிருந்த மூன்று தளங்களும் மோனடாகோ நிறுவனத்தின் பிளாக்செயினைப் பயன்படுத்தின. இந்நாட்டில் பிளாக்செயின் உருப்படியாகச் செய்த வேலைகளுள் இதுவும் ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஏடு சொல்லக்கூடியது, இந்த விலைப்பட்டியல் இதற்கு முன் வந்ததில்லை என்பது மட்டுமே. பொருள் வந்து சேர்ந்ததா என்பதை அது அறியாது. அதை அறிய ஆலையின் பின்வாயிலுக்குப் போக வேண்டும். அழுத்து இயந்திரத்தில் அடித்த 5,000 பிராக்கெட்டுகளை ஏற்றிய வண்டி, டெலிவரி சலானோடும் இ-வே பில்லோடும் வந்து கேட் என்ட்ரி போடுகிறது. ஸ்டோர்ஸ் எண்ணிப் பார்த்து ஜிஆர்என் எனப்படும் சரக்கு வரவுச் சீட்டைப் பதிகிறது. தரப் பரிசோதனையில் 300 கழிந்தால் ரிஜெக்‌ஷன் போட்டு டெபிட் நோட் அனுப்பப்படுகிறது. இவ்வளவும் முடிந்து வாங்குபவர் தளத்தில் ஏற்பு அளித்த பின்னரே வங்கி பணம் தருகிறது. இந்த வரிசையில் வெளியுலக உண்மையை ஏட்டுக்குக் கொண்டுவரும் ஆரக்கிள் யார் என்றால், ஸ்டோர்ஸில் அமர்ந்து ஜிஆர்என் அடிப்பவர்தான். அவர் வாங்குபவரின் ஊழியர். அவர் ஒரு வாரம் தாமதித்தால், சிறு குறு நிறுவனச் சட்டம் வகுத்த 45 நாள் கெடு எந்நாளில் தொடங்குகிறது என்பதே வழக்காகிவிடும். அவருடைய பதிவை முப்பத்தொரு கணுக்கள் வழியே கொண்டுபோனாலும் அது ஒருதலைச் சாட்சியமாகவே இருக்கும்.

டிரெட்ஸிலும் எண்ணிக்கை மயக்கம் இல்லாமல் இல்லை. ஆண்டு விற்றுமுதல் 250 கோடி ரூபாயைத் தாண்டும் நிறுவனங்கள் அதில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 நவம்பரில் ஆணை வந்தது. அதற்கு முன் வரம்பு 500 கோடியாக இருந்தது. அவ்வாணை பதிவு செய்வதைக் கட்டாயமாக்கியது, விலைப்பட்டியலை ஏற்றுவதைக் கட்டாயமாக்கவில்லை. ஆகவே பதிவான நிறுவனங்களின் எண்ணிக்கை உயர்வது ஆணையின் வெற்றியைக் காட்டலாம். ஒரு தொழிற்கூடத்துக்குப் பணம் எத்தனை நாள் முன்னதாகக் கிடைத்தது என்பதை அது காட்டாது.

எதிர்த்தரப்பின் வாதங்களில் வலுவானதை விட்டுவிட்டு மறுப்பது நேர்மையாகாது. ஆரக்கிளின் தரவு பிழைத்தால் எவ்வளவு பணம் ஆபத்துக்குள்ளாகும் என்பதை இருப்பின் மொத்தம் காட்டுகிறது, அவ்வளவு பணத்தை மக்கள் ஒப்படைத்திருப்பதே நம்பிக்கைக்குச் சான்று, வைப்புத்தொகையைக் கொண்டு வங்கியை மதிப்பிடுவதில்லையா என்று அவர்கள் கேட்கிறார்கள். இதன் முதற்பாதி சரி; இருப்பின் மொத்தம் ஆபத்தின் அளவைக் காட்டவே செய்கிறது, அந்த வகையில் அதை வெளியிடுவதும் தேவை. ஆனால் ஆபத்தின் அளவைப் பரவலின் அளவாக மாற்றி வாசிப்பதற்கு அது உரிமம் தராது. வங்கியில் பணம் போடுபவர் வங்கியைத் தேர்ந்தெடுக்கிறார்; கடன் தளத்தில் நாணயத்தை வைப்பவரோ அத்தளம் எந்த ஆரக்கிளைப் பயன்படுத்துகிறது என்பதைப் பெரும்பாலும் அறியார், அதற்கென்று நேராக ஒரு பைசாவும் கட்டுவதில்லை. ஆரக்கிளை இயக்குவோருக்கான கூலியிலும் பெரும்பகுதி நெடுங்காலம் வலைப்பின்னலின் சொந்தக் கையிருப்பிலிருந்தே போயிற்று. செயின்லிங்க் வெளியிட்ட 100 கோடி லிங்க் நாணயங்களில் 35 விழுக்காடு இயக்குவோருக்கும் சூழலை வளர்ப்பதற்கும் என்று தொடக்கத்திலேயே ஒதுக்கப்பட்டது. விற்பவரே வாங்குபவருக்குப் பணம் கொடுத்து நடக்கும் விற்பனையைத் தேவையின் அடையாளமாகக் கொள்ள எந்தச் சந்தையிலும் இடமில்லை.

அப்படியானால் எதை எண்ணுவது? மாற்று வழி ஒன்று கையில் இருக்கும்போதும் ஆரக்கிளின் தரவை ஏற்று, அதன்படி தமக்கு வந்த இழப்பைத் தகராறின்றி ஒப்புக்கொண்ட தரப்பினர் எத்தனை என்பதை எண்ணலாம். பயன்படுத்துபவர் தம் பணத்தில் கட்டிய கட்டணம் எவ்வளவு, ஒவ்வோர் ஓடைக்கும் ஒன்றையொன்று சாராத மூலங்கள் எத்தனை, நாணய விலைகளை நீக்கிவிட்டுப் பார்த்தால் மிஞ்சும் ஓடைகள் எவை என்பவற்றை வெளியிடலாம். கடைசிக் கணக்கு மட்டும் வெளிவந்தாலே இன்றைய தரவரிசைகள் பலவும் கலைந்துபோகும். அது வெளிவராமல் இருப்பதற்கு அதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை. இந்தியாவைப் பொறுத்தவரை இக்கேள்விக்கு மேலும் அழுத்தம் உண்டு. மெய்நிகர் சொத்தின் ஆதாயத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 30 விழுக்காடு வரியும், அவ்வாண்டு ஜூலை முதல் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு விழுக்காடு பிடித்தமும் உள்ள நாட்டில், நாணய ஊகத்தின் மேல் நின்ற பரவல் ஒரு தொழில் வட்டாரத்துக்கு எவ்வகையிலும் முன்னோடி ஆகாது.

இத்தகைய தகவல்கள் ஏட்டுக்கு வெளியே, நிறுவனங்களின் கோப்புகளுக்குள் கிடப்பவை, அவற்றைத் திரட்டுவது கடினம், மொத்த மதிப்பையோ யாரும் எந்நேரமும் பார்த்துக்கொள்ளலாம் என்பது கடைசியாக வைக்கப்படும் சமாதானம். வெளியுலகின் உண்மைகளை நம்பத்தக்க முறையில் ஏட்டுக்குள் கொண்டுவந்து தருவதே தன் தொழில் என்று சொல்லிக்கொள்ளும் ஓர் ஏற்பாடு, தன்னைப் பயன்படுத்தியவர் யார், கட்டணம் கட்டியவர் யார், தகராறு செய்தவர் யார் என்ற வெளியுலக உண்மைகளை மட்டும் கொண்டுவர இயலாது என்று சொன்னால், அந்த வலைப்பின்னலை வாங்கச் சொல்லி முன்வைக்கப்படும் விலைக்குறிப்பைப் பிள்ளைப்பாக்கத்தின் கொள்முதல் பிரிவு அதிகாரி எந்தக் கோப்பில் சேர்ப்பார் என்பதை ஊகிப்பது கடினமன்று.